நிற்காமல் வளர்தல்

இடம் போதவில்லை என்னும் முறையீடு எழாத இல்லம் தாம்பரத்தில் இல்லை. சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் ஒரு காலத்தில் ஓரறையும் தாழ்வாரமுமாக வீடு கட்டிக் குடியேறியவர்கள், பிள்ளைகள் வளர வளர மாடி எழுப்பினார்கள். கீழே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். மேலே கொத்தனார் செங்கல் அடுக்கிக்கொண்டிருப்பார். குடியிருப்பவரை வெளியேற்றிவிட்டு வீட்டைப் பெரிதாக்குவது எளிது. அவர்கள் உள்ளே இருக்கும்போதே பெரிதாக்குவதுதான் அரிது. அத்தகைய அருஞ்செயலொன்றை, கல்லும் மண்ணும் இல்லாத கணிப்பொறி உலகில், 2023ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஓரிரவு கண்ணாரக் கண்டோம். தமிழ் கற்பிப்பதன்றிப் பிறிதொரு தொழில் அறியாத நமக்கு அது பெரும்பாடமாக அமைந்தது. அதனை மாணவச் செல்வங்களுக்குச் சொல்லிவைப்பது நம் கடமை எனக் கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

துறையின் வழங்கி

நம் தமிழ்த்துறைக்கென ஒரு வழங்கி உண்டு. சர்வர் என்று எல்லோரும் சொல்வது இதனைத்தான். பலரும் ஒரே வேளையில் கேட்பவற்றை எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறி அது. நூலகத்தின் முகப்பில் அமர்ந்து, கேட்ட நூலை உள்ளிருந்து எடுத்துத் தரும் பணியாளருக்கு அதனை ஒப்பிடலாம். அப்பணியாளருக்குப் பின்னால் இருக்கும் அலமாரிகளே வன்தட்டுகள்; ஹார்டு டிஸ்க் என்று கடைத்தெருவில் வழங்கப்படுபவை.

அந்த அலமாரிகளில் நாம் எதைச் சேர்த்தோம்? வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் இயற்றிய ஆயிர மசலா, உமறுப்புலவரின் சீறாப்புராணம் முதலான நூல்களின் பழம்பதிப்புகள், அறபு எழுத்தில் தமிழை எழுதிய அறபுத்தமிழ் அச்சுநூல்கள், முன்னாள் மாணவர் இல்லங்களில் பரண்மேல் கிடந்த கையெழுத்துச் சுவடிகள் ஆகியவற்றைத் தாள் தாளாக வருடியில் இட்டுப் படமாக்கினோம். இவற்றோடு முதுகலை மாணவர்கள் தம் ஆய்வேடுகளைச் செலுத்தும் வாயிலும் அதே வழங்கியில்தான் இருந்தது.

எழுத்து சிறிது இடம் கொள்ளும். எழுத்தின் படமோ பேரிடம் கொள்ளும். இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்புண்டாகும். ஒருங்குறியில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யு.டி.எஃப்-8 என்னும் முறைப்படி 3 பைட் இடம் பெறும். ஆகவே ‘க’ என்னும் எழுத்துக்கு 3 பைட். உகரக்குறி சேர்ந்த ‘கு’வுக்கு 6 பைட். ஒரு பக்கத்தில் 1,500 குறிகள் இருப்பதாகக் கொண்டால், 200 பக்க நூல் ஒன்று 9 இலட்சம் பைட்டில் அடங்கிவிடும். அதே நூலின் பக்கத்தை, ஐந்தங்குல அகலமும் ஏழங்குல உயரமும் உடையதென்று வைத்து, அங்குலத்திற்கு 400 புள்ளி வீதம் வண்ணப் படமாக எடுத்தால், ஒரு பக்கத்திற்கு 56 இலட்சம் புள்ளிகள். புள்ளி ஒன்றுக்கு 3 பைட் வீதம், ஒரு பக்கம் 168 இலட்சம் பைட். 200 பக்கத்திற்கு 336 கோடி பைட். எழுத்தைவிட எழுத்தின் படம் ஏறத்தாழ 3,700 மடங்கு பெரிது.

அங்ஙனமாயின் எழுத்தை மட்டும் தட்டச்சிட்டு வைத்துக்கொள்ளலாகாதா என்று மாணவர் கேட்பதுண்டு. கூடாது என்பதே நம் விடை. ஓரத்தில் முன்னோர் எழுதிய குறிப்பும், அச்சுக் கோப்பவரின் பிழையும், பூச்சி தின்ற துளையும் படத்தில்தான் இருக்கும். ஒரு சொல்லை நாம் தவறாகப் படித்துவிட்டால், பின்வரும் ஒருவர் திருத்திப் படிப்பதற்குப் படமே சான்று. எனவே படங்களைச் சுருக்காமல் முழு அளவிலேயே சேர்த்தோம். ஏறத்தாழ அறுநூறு நூல்கள் சேர்ந்தன. முதலில் வாங்கிய 2 டெராபைட் இடம் நிரம்பிவிட்டது.

நிரம்பிய நாள்

ஆய்வேடு செலுத்துவதற்கு இறுதி நாள் மறுநாள் நண்பகல் என்றிருந்த நிலையில், முந்தைய நாள் மாலை நான்கு மணிக்குக் கணினி மையத்தின் இளைஞர் நம்மைத் தேடி வந்தார். அவர் நம் கல்லூரியிலேயே கணினிப் பயன்பாட்டியல் பயின்றவர். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் நம்மிடம் மூன்று பருவம் அமர்ந்திருந்தவர்.

“ஐயா, வட்டு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நிரம்பிவிட்டது. இன்றிரவு பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அனுப்பத் தொடங்கினால் தாங்காது” என்றார்.

தாங்காது என்றால் என்ன ஆகும் என்று வினவினோம். அலமாரி நிரம்பினால் புதிய நூலை வைக்க இயலாது, அவ்வளவுதானே என்பது நம் எண்ணம். அவர் சொன்னது வேறு. வழங்கி தான் செய்யும் ஒவ்வொரு செயலையும் நாட்குறிப்புப் போல் எழுதிக்கொண்டே இருக்கும். எழுத இடமில்லையேல் தரவுத்தளம் திகைத்து நிற்கும். உள்நுழைவோரை அது அடையாளம் காணாது. பாதி வந்த கோப்பு பாதியிலேயே அறுந்துபோகும். புதியதை ஏற்க மறுப்பதோடு பழையதையும் எடுத்துத் தர முடியாத நிலை வந்துவிடும்.

செங்கல்பட்டிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் வரும் மாணவர்கள் வண்டியில் அமர்ந்தபடியே கைப்பேசி வழியாக ஆய்வேட்டை அனுப்புபவர்கள். அவர்களுக்கு அந்த ஓரிரவை அடைத்துவிட்டால் ஓராண்டு உழைப்புக்கு ஊறு நேரும். வழங்கியை நிறுத்தவும் கூடாது. அப்படியே விடவும் கூடாது.

“ஓடும்போதே பெரிதாக்கிவிடலாம் ஐயா. நிறுத்த வேண்டியதில்லை” என்றார் அவர்.

நாம் வேண்டாம் என்றோம். ஆய்வேடுகளை அந்த ஆண்டு மட்டும் தாளிலேயே வாங்கிக்கொள்ளலாம், வட்டைத் தொடவே வேண்டாம் என்று சற்றுக் கடுமையாகவே சொன்னோம். அவர் முகம் வாடிற்று. நம் அச்சத்திற்குக் காரணம் உண்டு. அதனை அவர் அறியார்.

ஒரு பழைய இழப்பு

நம் தாயைப் பெற்ற நன்னா பல்லாவரத்தில் தோல் பதனிடும் தொழிலகம் ஒன்றில் கணக்கராக இருந்தவர். அவருக்குத் தமிழ் எழுத்தும் தெரியும். ஆயினும் தம் சொந்தக் குறிப்புகளை அறபுத்தமிழிலேயே எழுதினார். மூன்று குறிப்பேடுகள். ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டி வந்த நாள், தோல் ஒன்றுக்கு என்ன விலை, கிணற்று நீர் எந்தக் கோடையில் வற்றிற்று, வீட்டில் யார் எப்போது பிறந்தார், யார் மறைந்தார் என்பனவெல்லாம் அவற்றில் இருந்தன. தொழிலாளர் வாழ்வும் தோல் வாணிகமும் இந்தப் புறநகரில் எப்படி நடந்தன என்பதற்கு அவை போன்ற சான்று வேறு நம் கைக்குக் கிட்டவில்லை.

அக்குறிப்பேடுகளை 2014இல் படமெடுத்து நம் கணிப்பொறியில் சேர்த்தோம். மூலங்கள் முடிச்சூரில் தாய்மாமன் இல்லத்தில் இருந்தன. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரை மூழ்கடித்தபோது அவ்வில்லத்தின் கீழ்த்தளம் முழுதும் நீரானது. வெள்ளம் வடிந்தபின் குறிப்பேடுகள் இருந்த பெட்டியில் கூழ்தான் இருந்தது. படங்களேனும் இருக்கின்றன என்று ஆறுதல் கொண்டோம்.

ஈராண்டு கழிந்தது. கணிப்பொறியில் இடம் போதவில்லை என்று பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தோம். வன்தட்டில் ஒரு பகுப்பை நீட்டினால் போதும், பத்து நிமிட வேலை என்றார். மறுநாள் சென்றபோது கணிப்பொறி புதிதுபோல் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பகுப்பு எங்கே தொடங்குகிறது என்னும் எண்ணை அவர் மாற்றிக் குறித்துவிட்டார். கோப்புகள் தென்படவில்லை என்றதும் பதறிப்போய்ப் பகுப்பைப் புதிதாக வடிவமைத்து, அதன்மேல் இயங்குதளத்தையும் நிறுவிவிட்டார்.

தொடக்கத்தைப் பிறழக் குறித்தது ஒரு பிழை. அதனோடு நிறுத்தியிருந்தால் மீட்டிருக்கலாம். பதறியது அதனினும் பெரும் பிழை. ஆயின் எல்லாவற்றினும் பெரும் பிழை நம்முடையதே. வேறோர் இடத்தில் ஒரு படி எடுத்து வைக்காமல் கணிப்பொறியைக் கொடுத்தவர் நாம். மூன்று குறிப்பேடுகளுள் ஒன்று மட்டும் எஞ்சியது. நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் தம் ஆய்வுக்கென்று அதனை முன்பே தம் பென் டிரைவில் படியெடுத்துச் சென்றிருந்தார். நாம் செய்யாத காவலை அவர் தம்மை அறியாமலே செய்தார்.

அசையாத சுவர்

இவ்வரலாற்றைக் கேட்ட இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு விளக்கலானார்.

வன்தட்டின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கும். இந்தப் பகுப்பு இந்த எண்ணில் தொடங்கி இந்த எண்ணில் முடிகிறது என்று அது சொல்லும். பகுப்பைப் பெரிதாக்குவதென்றால் முடியும் எண்ணைத் தள்ளி வைக்க வேண்டும். தொடங்கும் எண்ணை ஒரு சிறிதும் அசைக்கலாகாது. ஏனெனில் உள்ளிருக்கும் கோப்புகளின் முகவரிகள் யாவும் அந்தத் தொடக்கத்திலிருந்தே எண்ணப்படுகின்றன. தொடக்கம் நகர்ந்தால் எல்லா முகவரியும் பொய்யாகும். தெருவின் முதல் வீட்டை மாற்றி எண்ணத் தொடங்கினால் அஞ்சற்காரர் எந்தக் கடிதத்தையும் சேர்க்க முடியாது அல்லவா?

இதனைக் கேட்டபோது நம் அத்தா நினைவுக்கு வந்தார். நாம் பள்ளியில் பயின்ற நாளில் நம் பகுதிப் பள்ளிவாசலை விரிவாக்கும் பணி நடந்தது. அத்தா அக்குழுவில் இருந்தார். ஐவேளைத் தொழுகையை ஒருநாளும் நிறுத்தலாகாது என்பது முதல் முடிவு. மிஹ்ராபு அமைந்த மேற்குச் சுவரைத் தொடுவதில்லை என்பது இரண்டாம் முடிவு. முன்வரிசை நின்ற இடத்தில் நின்றது. பின்னால் கிழக்கு முற்றத்தில் தூண்கள் எழுந்தன. பிறகு மேலே தளம் வந்தது. வரிசைகள் பின்னோக்கி நீண்டன. சிமென்டுத் தூசியில் தொழுதவர்கள் ஓராண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தபோது பள்ளிவாசல் இருமடங்காகியிருந்தது. கணிப்பொறியின் மொழியில் சொன்னால், தொடக்கம் அசையாமல் முடிவு நீண்டது.

“அதேதான் ஐயா. ஆனால் நம் வழங்கியில் அதைவிடப் பாதுகாப்பான வழி ஒன்று முன்பே செய்து வைத்திருக்கிறேன்” என்றார் அவர்.

பல மனை, ஒரு பட்டா

அந்த வழிக்கு எல்.வி.எம். என்று பெயர். வட்டுகளுக்கும் கோப்புகளுக்கும் இடையே நின்று இடத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் மேலாண்மை அடுக்கு அது. ஹெயின்ஸ் மவெல்ஸ்ஹாகன் என்பவர் 1998இல் இதனை லினக்ஸ் இயங்குதளத்திற்கென எழுதினார், ஹெச்.பி. நிறுவனத்தின் யூனிக்ஸில் இருந்த அமைப்பு அதற்கு முன்மாதிரி.

தாம்பரத்தாருக்கு இதனை விளக்குவது கடினமன்று. ஒருவருக்கு மூன்று சர்வே எண்களில் மூன்று மனைகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே பட்டாவில் அடங்கியிருந்தால், எந்த மனையில் எந்த மூலையில் எதைக் கட்டினாலும் பட்டாவின்படி எல்லாம் ஒரே சொத்து. நாளை நான்காம் மனை வாங்கினால் அதனையும் அதே பட்டாவில் சேர்த்துக்கொள்ளலாம். எல்.வி.எம். இத்தகைய பட்டா. வெவ்வேறு வட்டுகளை ஒரு குழுவாக்கி, அவற்றின் இடத்தை 4 மெகாபைட் அளவுள்ள சிறுதுண்டுகளாக்கிக் கணக்கு வைத்துக்கொள்கிறது. கோப்புகளுக்குத் தெரிவது பட்டா மட்டுமே, துண்டு எந்த வட்டில் இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது, தெரிய வேண்டுவதுமில்லை.

இதனால் இன்னுமொரு பயனும் உண்டு. பழைய முறை அட்டவணை உடைய வட்டில், 512 பைட் கொண்ட கூறுகளாக எண்ணும்போது, ஒரு பகுப்பு ஏறத்தாழ 2 டெராபைட்டைக் கடக்க இயலாது; எண்ணை எழுத அங்கே 32 இருமக் கட்டங்களே உள்ளன. பழைய வட்டையே நீட்ட முனைந்திருந்தால் இந்த மதிலில் முட்டியிருப்போம். புதிய வட்டைக் குழுவில் சேர்ப்பதால் பழைய அட்டவணையைத் தொடவே வேண்டியதில்லை.

அவர் வழங்கியை முதலில் நிறுவியபோதே வட்டு செருகும் பொந்துகளுள் இரண்டை வெறுமையாக விட்டிருந்தார். அப்போது நாம், “ஏன் தம்பி, காசு கொடுத்து வாங்கிய இடத்தை வெறுமையாக வைத்திருக்கிறீர்?” என்று கேட்டது நினைவுக்கு வந்து நாணினோம்.

அந்த இரவு

நாம் ஒரே ஒரு நிபந்தனை விதித்தோம். தொடுமுன் படி இருக்க வேண்டும். அவர் சிரித்தார். நாள்தோறும் நள்ளிரவில் அன்றைய மாற்றங்கள் நூலகக் கட்டடத்தில் உள்ள வேறொரு கணிப்பொறிக்குப் படியெடுக்கப்படுகின்றனவாம். முழுவதையும் அன்றே புதிதாகப் படியெடுப்பதென்றால் நொடிக்கு 120 மெகாபைட் வேகத்திலும் ஐந்து மணி நேரத்தை நெருங்கும். நாள்தோறும் சிறுகச் செய்வதால் அந்தச் சுமை இல்லை. அன்று பகலில் சேர்ந்தவற்றை மட்டும் மீண்டும் ஒருமுறை படியெடுத்தார்.

“படி எடுத்தாயிற்று என்பது போதாது ஐயா. படி திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்களே ஒன்றைத் திறந்து பாருங்கள்” என்றார்.

நாம் நன்னாவின் குறிப்பேட்டைத் திறந்தோம். பதினோராம் பக்கம். ஆவாரம்பட்டைக் கணக்கின் அடியில், கோடு ஒன்று கிழித்து, நம் தாயார் பிறந்த நாளை அவர் எழுதியிருந்தார். எழுத்து தெளிவாக இருந்தது. இனித் தொடங்கலாம் என்றோம்.

இரவு ஒன்பது மணி. 4 டெராபைட் கொள்ளளவுள்ள வட்டுகள் இரண்டை, வழங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே, வெறும்பொந்துகளில் செருகினார். இரண்டும் சேர்ந்து எட்டு என்று கணக்கிடலாகாது. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். ஒன்று பழுதானால் மற்றது தாங்கும். பழைய வட்டும் அவ்வாறே இணையாக அமைந்ததுதான். இந்த இணை இன்றியமையாதது. பல வட்டுகளை ஒரு பட்டாவில் சேர்த்தபின் அவற்றுள் ஒன்று இறந்தால், பட்டா முழுவதுமே கெடும் இடருண்டு.

பின்னர் நான்கு கட்டளைகள். புதிய இணையைக் குழுவில் சேரத்தக்கதெனக் குறிப்பது ஒன்று. குழுவில் சேர்ப்பது இரண்டு. நூற்படங்கள் இருக்கும் தொகுதியின் எல்லையை நீட்டுவது மூன்று. நீண்ட எல்லைவரை கோப்பு முறையைப் பரப்புவது நான்கு. ஈ.எக்ஸ்.டி.4 என்னும் கோப்பு முறை, பயன்பாட்டில் இருக்கும்போதே விரிய வல்லது. ஆயின் அதனைச் சுருக்க வேண்டுமானால் கழற்றி நிறுத்திய பின்னரே செய்ய முடியும். விரிவதற்கு ஒப்பும் அது, சுருங்குவதற்கு எல்லோரையும் வெளியேற்றச் சொல்கிறது. மனிதர் குடும்பங்களும் அப்படித்தானே என்று எண்ணிக்கொண்டோம்.

மூன்று கட்டளைகள் இமைப்பொழுதில் முடிந்தன. நான்காவது சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டது. இன்னொரு திரையில் வழங்கியின் நாட்குறிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிமிடங்களுக்குள் மாணவி ஒருவரின் ஆய்வேடு வந்து சேர்ந்த செய்தி அதில் தோன்றிற்று. அவர் எங்கிருந்து அனுப்பினாரோ அறியோம். தாம் அனுப்பிக்கொண்டிருந்தபோது அடியில் தரை நீண்டது என்பதை அவர் அறிந்திருக்க மாட்டார். இடத்தைக் கேட்டபோது, 6 டெராபைட் என்று திரை விடையளித்தது. தொண்ணூற்றெட்டு என்று நின்ற நிரப்பளவு மூன்றிலொரு பங்காக இறங்கியிருந்தது.

தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. வட்டத் தகடுகளில் தரவைச் சேமிக்கும் முதல் வணிக எந்திரத்தை ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்டது 1956இல். இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தும் அது கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. நம் கணக்கின்படி ஒரு நூலின் ஒரு பக்கப் படத்தைக்கூட அதில் அடக்க முடியாது. அதிலிருந்து இந்த இரவுவரை எத்தனை பேர் உழைப்பு இடையில் இருக்கிறது!

தாம்பரம் நிலையத்தில்

அன்றிரவு வீடு திரும்பத் தாம்பரம் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது வேறொன்று தோன்றிற்று. நாம் கண்ட வித்தை இந்த நிலையத்துக்குப் புதிதன்று.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் பாதையில் மின்தொடர் வண்டிகள் ஓடத் தொடங்கியது 1931இல். நாம் கல்லூரி மாணவராக இருந்த நாளில் அந்தக் குறுகிய வண்டிகளில்தான் தொங்கிக்கொண்டு சென்றோம். மீட்டர் பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர், அகலப்பாதையில் 1,676. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் தண்டவாளத்தை அகற்றி வைப்பது எந்தப் பொறியாளராலும் ஆகாது. ஆகவே அகலப்பாதை பக்கத்தில் வந்தது. ஒரு பாதையில் பழைய வண்டியும் அடுத்த பாதையில் புதிய வண்டியுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. சுமை சிறிது சிறிதாகப் புதிய பாதைக்கு மாறியது. 2004 ஜூலை முதல் நாளோடு இத்தடத்தில் மீட்டர் பாதை மின்வண்டி விடைபெற்றது. இளமுனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்த நாம் அந்நாளில் நெரிசலை வைதோம். வண்டி நிற்காமல் ஊர் மாறியதை எண்ணிப் பார்க்கவில்லை.

எல்.வி.எம்.மிலும் இதற்கு நிகரான செயல் ஒன்று உண்டு என்று பின்னொரு நாள் இளைஞர் சொன்னார். முதுமையடைந்த வட்டில் உள்ள துண்டுகளை ஒவ்வொன்றாகப் புதிய வட்டுக்குக் குடிபெயர்த்து, எல்லாம் பெயர்ந்தபின் பழையதைக் கழற்றிவிடலாம். அதற்கும் நிறுத்த வேண்டியதில்லை. இருப்புப் பாதைக்கும் வட்டுக்கும் தேவை ஒன்றே. ஓடிக்கொண்டிருப்பதை மாற்ற வேண்டுமெனில் பக்கத்தில் வெற்றிடம் வேண்டும். அந்த வெற்றிடத்தை யாரோ ஒருவர் முன்பே விட்டுவைத்திருக்க வேண்டும்.

தமிழின் வெற்றிடம்

தமிழுக்கு இப்பணி இன்று எத்துணை இன்றியமையாதது என்பதை நம் அண்டைப் பகுதிகளே காட்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் இதழ்களும், அவர் மறைவுக்குப் பின் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சிதறாமல் காக்கப்பட்டு, 1994இல் ஆராய்ச்சி நூலகமாயின. அந்நூலகம் தரமணியில் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் உலகெங்குமுள்ள தமிழர்களின் தன்னார்வ உழைப்பால் இலக்கியங்களை எழுத்து வடிவில் ஏற்றியது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகம் கோட்டூர்புரத்திலிருந்து தன் மின்நூலகம் வழியாகப் பழம்பதிப்புகளைப் படமாக அளித்து வருகிறது. இவற்றின் வட்டுகள் வளர்ந்துகொண்டே இருந்தாக வேண்டும். ஒருநாள் மூடிவிட்டுத்தான் வளர்ப்போம் என்றால், எங்கோ ஓர் ஊரில் ஒரு மாணவர் தேடி வந்து கதவடைத்திருப்பதைக் காண்பார்.

மொழியும் இவ்வாறே வளர்ந்தது. தமிழ் எந்த நாளிலும் தன் கதவை அடைத்துக்கொண்டு புதுப்பிக்கப்பட்டதில்லை. அறபுச் சொற்கள் வந்தன. நாமா, மசலா என்னும் சிற்றிலக்கிய வகைகள் வந்தன. ஆங்கிலச் சொற்களும் இயந்திரச் சொற்களும் வந்தன. பேசுவோர் பேசிக்கொண்டே இருந்தனர். காலத்தால் பழையது நீங்கிப் புதியது சேர்வதை நன்னூலார் குற்றமெனக் கொள்ளவில்லை. ஆயினும் இலக்கணத்தின் மேற்குச் சுவர் அசையவில்லை. வேர் நின்ற இடத்தில் நின்றது; கிளை நீண்டது.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. விரிவு வேறு, காவல் வேறு. இடம் ஆறு மடங்கானாலும் அறுபது மடங்கானாலும், அதே கட்டடத்தில் அதே வழங்கியில் உள்ள வரையில், ஒரு வெள்ளமோ ஒரு தவறான கட்டளையோ எல்லாவற்றையும் ஒருங்கே கொண்டுபோய்விடும். இணைவட்டும் இதற்கு விலக்கன்று. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். சீறாப்புராணத்தை 1842இல் அச்சேற்றியவர்கள் அந்நூலுக்குச் செய்த முதல் நன்மை, அதன் படிகளைப் பல ஊர்களுக்கு அனுப்பியதே ஆகும். ஓர் ஊரில் கறையான் தின்றால் இன்னோர் ஊரில் இருக்கும். நம் வழங்கியில் இடம் பெருகிய மறுவாரமே, துறையின் முழுத் தொகுப்பையும் வெளியூர்க் கல்லூரி ஒன்றிலுள்ள நண்பர் பொறுப்பில் மற்றொரு படியாக வைத்தோம். ஆறு திங்களுக்கு ஒருமுறை அவர் ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பார்த்து நமக்கு எழுத வேண்டும் என்பது ஏற்பாடு.

அன்பு மாணவர்களே! உங்கள் இல்லங்களின் பரண்மேல் என்ன இருக்கிறதென்று இந்த விடுமுறையில் ஏறிப் பாருங்கள். பாட்டனார் எழுதிய கணக்காயினும், பாட்டியார் வைத்த கடிதமாயினும் துறைக்குக் கொண்டு வாருங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம். படம் எடுத்துத் திருப்பித் தருவோம். ஒரு படியை உங்களுக்கும் தருவோம். வைப்பதற்கு இடமிருக்கிறதா என்று ஐயுற வேண்டாம். அந்த இளைஞர் சென்ற ஆண்டு புதிய வழங்கி ஒன்றை நிறுவினார். அதில் நான்கு பொந்துகள் வெறுமையாக இருக்கின்றன. இம்முறை ஏன் என்று நாம் கேட்கவில்லை.